சப்பாத்திப் பலகையில் நாலு போன்

அக்கா, கோவிச்சுக்காதீங்க, அந்த முருங்கைக்காய்ப் பையைச் சித்தெ அந்தப் பக்கம் நகத்தி வெச்சுக்கறீங்களா? பஸ்ஸு குலுங்கறப்பல்லாம் முருங்கைக்காய் நுனி வந்து இந்தப் பலகைய இடிக்குது. பஸ்ஸு இடிச்சா எனக்குச் சந்தோஷம். முருங்கைக்காய் இடிச்சா அது என்ற கணக்குல வராது. ஆங், அப்படித்தான். ரொம்ப நன்றிங்கக்கா.

நீங்க மேட்டுப்பாளையத்துல ஏறுனதுலருந்து இதையே பாத்துட்டு வர்றீங்க, நானும் கவனிச்சுட்டுத்தான் இருக்கேன். பயப்படாதீங்க, திருட்டு போன் இல்ல. நாலும் எங்க ஆபீஸ் போனு. ரப்பர் பேண்டு ஆபீஸுது. பலகை மட்டும் என்னோடது. சப்பாத்திப் பலகைதானுங்க, கல்யாணச் சீர்ல வந்தது. இங்க பாருங்க, ஓரத்துல மேகலா லோகநாதன்னு கொத்தியிருக்கு. எங்க சித்தி குடுத்தாங்க. இன்னும் ஒரு சப்பாத்தி கூட இது மேல தேய்க்கல. கல்யாணம் முடிஞ்சு ஒரு வாரந்தான் ஆகுது.

ஆமாங்கக்கா, ஊட்டிக்குத்தான். ஹனிமூன்தான். அவரா? அதோ முன்னாடி பாருங்க, டிரைவருக்குப் பின்னாடி சீட்டு, ஜன்னலோரம், நீலச் சட்டை. சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. கண்டக்டரு கூட டிக்கெட் கிழிக்கறப்ப என்னைய ஒரு தரம், அவர ஒரு தரம் பாத்தாரு. சேந்தாப்ல ரெண்டு சீட்டு காலியாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்குப் பின் சக்கரத்துக்கு மேல உக்காரணும், முன் சக்கரத்துக்கிட்டயும் ஒரு ஆளு வேணும். ரெண்டு பக்கமும் நானே உக்கார முடியுமா, நீங்களே சொல்லுங்க.

அவரு மடியில அஞ்சாவது போன் இருக்கு. அதுல என்னென்ன ஆட்டம் ஆடுதோ அது அத்தனையும் இந்த லேப்டாப்ல கோடு கோடா வந்துட்டே இருக்கு. இந்தப் பச்சைக் கோடுதான் அவரு. மத்த நாலும் இங்க பலகையில இருக்கறது. அழகா இருக்குல்ல? எனக்கு இதப் பாத்துட்டே இருந்தாச் சோறு தண்ணி வேண்டாம்.

என்ன வேலைன்னு கேட்டீங்கள்ல, சொல்றேன். கோயமுத்தூர்ல சரவணம்பட்டி பக்கத்துல ஒரு சின்னக் கம்பெனி. நாங்க போன் செய்யறோம். நெசப் போன் இல்லீங்க, பொய்ப் போன். கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு போன், எமுலேட்டர்னு பேரு. ஆப் செய்யறவங்க அது ஒழுங்கா ஓடுதான்னு பாக்க ஊர்ல இருக்கற அத்தனை போனையும் வாங்கிட்டிருக்க முடியுங்களா? எங்க பொய்ப் போனைத் தெறந்து அதுல ஓட்டிப் பாத்துக்குவாங்க. நெசப் போன் மாதிரியே இருக்கும். மணி அடிக்கும், மெசேஜ் வரும், பேட்டரி கூட எறங்கும். ஆனா பாவம், ஒண்ணே ஒண்ணு அதுக்குத் தெரியாது. தன்னை ஒருத்தர் கையில வெச்சிருக்காங்கன்னு தெரியாது.

உங்க போனைச் சாய்ச்சாப் படம் சாயுதுல்ல? காதுல வெச்சா வெளிச்சம் அணையுதுல்ல? நடந்தா அது பாட்டுக்கு அடியை எண்ணிக்குது. வடக்கு எங்கன்னு தெரியும், மலை ஏறுனாக் காத்தழுத்தம் கொறையறது கூடத் தெரியும். எல்லாம் உள்ள இருக்கற சென்சாரு. நெசப் போனுக்கு ஒடம்பு இருக்கு. பொய்ப் போனுக்கு ஒடம்பே இல்ல. அதுக்கு ஒடம்பு குடுக்கறதுதானுங்க என்ற வேலை. மூணு மாசமா அதையேதான் பண்ணிட்டிருக்கேன்.

நானாக் கேட்டு வாங்கல. ஆபீஸ்ல யாரும் இதைத் தொடமாட்டேனுட்டாங்க. பத்ரி சாரு, எங்க டீம் லீடு, அவருதான் எனக்கு நிச்சயம் முடிஞ்ச மறுநாள் கூப்புட்டாரு. "மேகலா, கல்யாணப் பொண்ணு நீ, லேசான வேலையா இதைப் பாத்துக்கோ"ன்னாரு. லேசான வேலையாம். நானும் மண்டைய ஆட்டிட்டு வந்து உக்காந்தேன். உக்காந்தவதான்.

எங்ககிட்ட ஒரு கம்பெனி வந்திருந்துச்சு. வயசானவங்க வீட்ல தனியா இருப்பாங்கள்ல, மகன் வெளிநாட்ல இருப்பான். அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாருன்னு வெச்சுக்கங்க, பையில இருக்கற போனு தானே கண்டுபுடிச்சு மகனைக் கூப்புட்டுச் சொல்லும். அப்படி ஒரு ஆப்பு அவங்க செய்யறாங்க. நல்ல விஷயந்தானுங்களே. ஆனா அதைச் சோதிக்கறதுக்கு யாரு டெய்லி விழறது? அதுக்குத்தான் எங்க பொய்ப் போன். அது விழும். எத்தனை தடவை வேணாலும் விழும், அடி படாது.

முதல் வாரத்துல எல்லாம் எழுதி முடிச்சுட்டேன். ஒரே பெருமை. பொய்ப் போனு மேசை மேல சும்மா கெடக்கு, ஆடல, அசையல. அப்ப மூணு திசையிலயும் அதோட ஆட்டம் எவ்வளவு? சைபரு. யாரக் கேட்டாலும் சைபருன்னுதான் சொல்லுவாங்க. நானும் சைபரைப் போட்டேன். விழுந்தா யாரைக் கூப்புடணும்னு அந்த ஆப்பு ஒரு நம்பர் கேட்டுச்சு. அதோ, முன் சீட்டுல இருக்காரே, அவரு நம்பரைப் போட்டேன்.

சிரிக்காதீங்கக்கா. ஏதாச்சும் ஒரு நம்பர் போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும். அந்த நேரத்துக்கு எங்கப்பா நம்பரு கூட ஞாபகத்துக்கு வரல, அவரு நம்பருதான் வந்துச்சு. புதுசா மனப்பாடம் பண்ணுனது இல்லீங்களா, மேலாப்ல கெடந்திருக்கும். வேற ஒண்ணுமில்ல.

போட்டுட்டு, எல்லாம் சும்மா ஓடட்டும்னு விட்டுப்போட்டு, ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க டெய்லர் கடைக்குப் போயிட்டேன். என்ற சொந்தப் போனு சைலன்ட்ல இருந்துச்சு. அந்த டெய்லரம்மா கை வெச்சதா, கை வெக்காததான்னு கேட்டே பாதி மத்தியானத்தை ஓட்டிட்டாங்க. திரும்பி வந்து பாத்தா, ஆபீஸ் வாசல்ல ஹெல்மெட்டக் கூடக் கழட்டாம ஒரு ஆளு நிக்கறாரு. யாருன்னு பாத்தா அவரு.

அவருக்குக் கோபியில மாட்டு மருந்துக் கடைங்க. கோழித் தீவனமும் வெச்சிருக்காரு. கடையில உக்காந்திருக்கறப்ப ஒரு போன் வந்திருக்கு, ஒரு பொம்பளைக் குரல், "உங்கள் அன்புக்குரியவர் கீழே விழுந்துவிட்டார்"னு. கட் பண்ணுனா மறுபடி வருது. மறுபடியும் மறுபடியும் வருது. என்னையக் கூப்புட்டா நான் எடுக்கல. ஷட்டரைச் சாத்திட்டு பைக்கை எடுத்துட்டு கோபியிலருந்து ஒரே மூச்சா வந்திருக்காரு. கையில ஒரு பை. அதுல என்னன்னு நினைக்கறீங்க? குளுக்கோஸ் பாக்கெட்டு, அப்புறம் மாட்டுக் காலுக்குச் சுத்தற பேண்டேஜு. அவ்வளவு அகலம் இருக்குங்க அது. அவசரத்துல கையில கெடச்சத அள்ளிப் போட்டுட்டு வந்திருக்காரு. அதை என்ற தலையில சுத்தியிருந்தா நான் கழுத்து வரைக்கும் மறைஞ்சிருப்பேன்.

என்னைய மேலருந்து கீழ பாத்தாரு. சோபாவுல உக்காந்து தண்ணி கேட்டாரு. எனக்கு ஒரே கூச்சம், ரிசப்ஷன்ல எல்லாரும் பாக்கறாங்க. "ஏனுங்க, வேலை நேரத்துல இப்படி வந்து நிக்கலாமா"ன்னு கேட்டேன். அதுக்கு அவரு, "இல்லீங்க, நீங்க விழுந்துட்டே இருக்கீங்கன்னு சொல்லுச்சு"ன்னாரு. என்னைய வாங்க போங்கன்னுதான் பேசுவாரு. விழுந்துட்டேன்னு சொல்லல பாருங்க, விழுந்துட்டே இருக்கீங்கன்னாரு.

அந்தச் சொல்லுதாங்க. எனக்கு மண்டையில பல்பு எரிஞ்ச மாதிரி ஆயிருச்சு. தண்ணி டம்ளரை அவரு கையில திணிச்சுட்டு உள்ள ஓடுனேன். சும்மா கெடக்கற போன் எதுக்கு விழுந்துட்டே இருக்கணும்? ஏன்னா, மேசை மேல கெடக்கற போனைப் பூமி கீழ இழுத்துட்டே இருக்கு. மேசை விடாம அதைத் தாங்கிட்டு இருக்கு. அந்தத் தாங்கறதைத்தான் சென்சாரு காட்டும், ஒம்போது புள்ளி எட்டுன்னு. அடியில யாரும் தாங்கலைன்னாத்தான் சைபரு வரும். சைபருன்னா அந்தரத்துல விழுந்துட்டிருக்குன்னு அர்த்தம். நான் மத்தியானம் பூராவும் அந்தப் பொய்ப் போனை ஆகாசத்துலருந்து விட்டுட்டே இருந்திருக்கேன், அது பாவம் தரையே இல்லாம விழுந்துட்டே இருந்திருக்கு. பத்ரி சாரு கூட, "அடப்பாவமே, இதைப் பத்தாங் கிளாஸ்ல படிச்சமே"ன்னாரு. படிச்சம், யாரு ஞாபகம் வெச்சிருக்கா.

சைபரை எடுத்துட்டு ஒம்போது புள்ளி எட்டைப் போட்டேன். போன் அமைதியாப் படுத்துருச்சு. குதிச்சேங்கக்கா, நெசமாலுமே நாற்காலிய விட்டுக் குதிச்சேன். அவருகிட்டச் சொல்லலாம்னு வெளிய வந்தா ஆளக் காணம், கெளம்பிட்டாரு. பேண்டேஜு மட்டும் சோபா மேல கெடந்துச்சு. பரவால்ல, அது உபயோகமாத்தான் இருந்துச்சு. போன்களை மேல இருந்து போட்டுப் பாக்கறப்ப அடி படாம சுத்தி வெக்கறதுக்கு.

அதுக்கப்புறம் எனக்குப் பித்து புடிச்சுருச்சு. எதைப் பாத்தாலும் இது எப்படி ஆடும், இது எப்படி அதிரும்னே தோணும். வீட்ல கிரைண்டர் ஓடுதா, அது மேல போனை வெச்சுருவேன். ஒரு நாளு அது நழுவி மாவுக்குள்ளயே போயிருச்சு. எங்கம்மா கரண்டியோட நிக்கறாங்க, நான் லேப்டாப்பப் பாத்துட்டு, "அம்மா, அம்மா, வட்டமாச் சுத்தறது எவ்வளவு சுத்தமா வருது பாருங்க"ன்னு கத்தறேன். அன்னைக்குச் சுட்ட இட்லியை யாருக்கும் சொல்லாம, வீட்டுக்கு விருந்துக்கு வந்த ஒறம்பரைக்குப் போட்டுட்டாங்க.

கல்யாணத்தன்னிக்கு இன்னும் மேல. முகூர்த்தச் சேலை இடுப்புல ஒரு போனைச் சொருகிட்டேன். திட்டாதீங்க. மெதுவா நடக்கற நடை எனக்கு வேணும், நடுநடுவுல நின்னு நின்னு நடக்கற நடை. ஊர்ல யாரு அப்படி நடக்கறா? அக்கினியச் சுத்தி வர்றப்ப மட்டுந்தான் மனுஷன் அப்படி நடப்பான். அவரு என்ற சுண்டு விரலைப் புடிச்சுட்டு முன்னாடி போறாரு, நான் பின்னாடி போறேன். வந்து பாத்தா என்ன ஒரு அதிசயம் தெரியுங்களா, கோட்டுல ரெண்டு பேரு நடை இருக்கு. என்ற அடியும் இருக்கு, அவரு அடி இழுக்கற இழுப்பும் இருக்கு. அவரு சித்தெ நிக்கறாரு, நான் வந்து சேர்றேன், அப்புறம் அடுத்த அடி வெக்கறாரு. சுத்தி முடியற வரைக்கும் அப்படியேதான்.

அதை அப்படியே எமுலேட்டர்ல சேத்துட்டோம். மெனுவுல 'மெதுவான நடை'ன்னு ஒரு பட்டன் இருக்கும். யாருக்கும் தெரியாது அது என்ற கல்யாணம்னு. எங்கயோ அமெரிக்காவுல ஒருத்தன் காப்பியக் குடிச்சுட்டே அந்தப் பட்டனை அமுக்குவான். அமுக்கறப்பல்லாம் எனக்குக் கண்ணாலம் நடக்கும். இன்னைக்குக் காத்தால இருந்து எத்தனை தடவை நடந்துச்சோ.

இப்ப எதுக்கு இந்தப் பலகைங்கறீங்களா? சொல்றேன், சொல்றேன். வளைவு வருது, சித்தெ இருங்க, பலகையப் புடிச்சுக்கறேன். ஆஹா, பாருங்க, பலகையில இருக்கற நாலு கோடும் ஒண்ணா எந்திரிச்சு ஒண்ணா எறங்குது. இந்த டிரைவருக்கு ஒரு மாலை போடணும். என்ன ஒரு திருப்பு.

அந்த ஆப்புக்காரங்க ஒரு புகார் சொல்லிட்டாங்க. மலைப்பாதையில பஸ்ஸு வளைஞ்சு பிரேக் போட்டா, உள்ள உக்காந்திருக்கற ஆளு விழுந்துட்டாருன்னு ஆப்பு நினைச்சுக்குதாம். ஊட்டிக்குப் போற வழியில அப்பா நல்லா உக்காந்து கடலை தின்னுட்டிருப்பாரு, மகனுக்கு அங்க போன் போயிரும். அதைச் சரி பண்ண மலைப்பாதை ஆட்டம் வேணும், அடியிலருந்து குன்னூர் வரைக்கும், முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும், நடுவுல அறுந்து போகாம. திங்கக்கெழமை காட்டணும். காட்டலைன்னா சென்சார் வேலைய மொத்தமா ஹைதராபாத் டீமுக்குக் குடுத்துருவாங்க. பத்ரி சாரு இதை எப்பச் சொன்னாரு தெரியுங்களா? ரிசப்ஷன் மேடையில, போட்டோவுக்கு நிக்கறப்ப, என்ற காதுல. போட்டோவுல பாத்தீங்கன்னா எல்லாரும் சிரிக்கறாங்க, நான் மட்டும் கணக்குப் போட்டுட்டிருக்கேன்.

மூணு மாசம்ங்கக்கா. ஒடம்பில்லாத ஒண்ணுக்கு ஒடம்பு குடுத்திருக்கேன். அதைத் தூக்கி வேற யாரோ கையில குடுக்கறதா? மாட்டேன். அதுக்குத்தான் ஊட்டி.

அவரு ராமேஸ்வரம் போலாம்னுதான் சொன்னாரு. கடல் பாக்கலாம்னாரு. கடல்ல என்னங்க இருக்கு, ஒரே தட்டையா, காத்தழுத்தம் கூட மாறாது. மலைதான் அழகுன்னு சொன்னேன். மலைன்னா பஸ்ஸு வேண்டாம், ரயில்ல போலாமான்னு கேட்டாரு. ரயிலு அந்த ஆட்டம் ஆடாதுங்களே. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "மூணு நாளைக்கு லேப்டாப் தொறக்காம இருப்பீங்களா"ன்னு. கல்யாணமாகி அவரு கேட்ட ஒரே விஷயம் அதுதான். நானும் விட்டுக்குடுத்தேங்க. பஸ்ஸுல மட்டும் தொறந்துக்கறேன், எறங்கிட்டா தொடமாட்டேன், ஹனிமூனு பஸ்ஸவிட்டு எறங்குனதுக்கு அப்புறந்தான் ஆரம்பம்னு சொன்னேன். ஜன்னலப் பாத்துட்டே இருந்துட்டு, சரிங்கன்னாரு. அவ்வளவு லேசா ஒத்துக்குவாருன்னு நான் எதிர்பாக்கல. ரொம்பப் பொறுமையான மனுஷன்.

முன் சீட்டும் அவரே விரும்பி எடுத்துக்கிட்டாரு. எங்க மாமியார் வேற கெளம்பறப்ப அவரு சட்டைப் பையில ஒரு எலுமிச்சம்பழத்தை வெச்சு விட்டாங்க. புதுசாக் கல்யாணம் ஆனவங்கள்ல, கண்ணு பட்டுரும்னு. ஏங்கக்கா சிரிக்கறீங்க? எங்க பக்கமும் அந்தப் பழக்கம் உண்டுங்க. காத்தால டிபன் கூடச் சாப்புடல அவரு. சந்தோஷத்துல பசிக்கலையாட்டம் இருக்கு.

ஒரே ஒரு வருத்தம். பர்லியார்ல பஸ்ஸு நின்னுச்சுல்ல, எல்லாரும் டீ குடிக்க எறங்குனீங்க. அவரு மொத ஆளா எறங்கி ஓடுனாரு. எறங்குனது தப்பில்ல, போனையும் கையோட எடுத்துட்டு எறங்கிட்டாரு. பஸ்ஸோட ஆட்டத்துக்கு நடுவுல இப்ப இவரு நடை வந்து உக்காந்துருச்சு. மடியில வெச்சிருங்க, ஆட்டாதீங்க, கீழ போட்டுறாதீங்கன்னு மூணுதான் சொன்னேன். அவரு என்னடான்னா கற்பூரத் தட்ட ஏந்தற மாதிரி ரெண்டு கையிலயும் ஏந்திட்டு பஸ்ஸுக்குப் பின்னாடி போறாரு. வர்றப்ப மூஞ்சி கழுவிட்டு வந்தாரு. சுத்தம் பாக்கறவரு. ஜன்னல் வழியா எனக்கு மங்குஸ்தான் பழம் வேற வாங்கிக் குடுத்தாரு. நான் வாங்கி வெச்சுட்டு, போனை ஏங்க எடுத்துட்டு வந்தீங்கன்னுதான் கேட்டேன். "தனியா விட்டுட்டு வர மனசு வரல"ன்னாரு. போனைச் சொல்றாருங்க. சாப்புடுங்கக்கா, பழம் நல்லா இருக்கு.

இன்னொரு வளைவு. புடிச்சுக்கங்க. பாத்தீங்களா, நம்ம நாலு கோடும் அப்படியே ஒரு பக்கமாச் சாஞ்சு வருது, பஸ்ஸு சாயற மாதிரியே. பச்சைக் கோட்டைப் பாருங்க. அது சாயவே இல்ல. நட்டுக்குத்தலா ஒரே நேர். எனக்குக் கோவமா வருதுக்கா. மடியில போட்டு வெச்சா அதுவும் பஸ்ஸு கூடச் சாஞ்சிருக்கும். இவரு கையில தூக்கிப் புடிச்சுட்டு, பஸ்ஸு சாயறப்பல்லாம் இவரு நிமுத்தி நிமுத்தி வெச்சுட்டிருக்காரு போல. ஆட்டாதீங்கன்னு சொன்னதுக்கு இப்படியா? மலையே ஆடுது, இவரு போனு மட்டும் ஆடல. இதை வெச்சு நான் என்ன பண்ணுவேன்.

இது போதாதுன்னு அந்தச் சீட்டுல ஏதோ போல்ட் வேற லூஸாட்டம் இருக்கு. இங்க பாருங்க, ஒவ்வொரு வளைவு முடிஞ்ச ஒடனே பச்சைக் கோட்டுல மட்டும் சின்னச் சின்ன நடுக்கம். அப்புறம் திடீர்னு ஒரு பெரிய உந்தல். அப்புறம் கம்முனு. கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடி நடுக்கம், உந்தல், கம்முனு. கல்லாறு தாண்டுனதுலருந்தே இருக்கு, இப்ப ரொம்ப அதிகமாயிட்டே போகுது. நான் இந்தக் கோட்டைப் படிச்சே எந்த போல்ட்டுன்னு சொல்லிருவேங்கக்கா. சீட்டுக்கு அடியில முன் பக்கம் இருக்கற போல்ட்டு. குன்னூர் போனதும் கண்டக்டர்கிட்டச் சொல்லணும்.

எதுக்குங்கக்கா பையிலருந்து முருங்கைக்காயெல்லாம் வெளிய எடுக்கறீங்க? பை எனக்கு எதுக்குங்க? எனக்கு மலை ஒண்ணும் பண்ணாது.

அவருக்கா? அவருக்கு எதுக்கு?

இல்லீங்க. ஜன்னல்ல தலைய வெளிய வெச்சு இயற்கைய ரசிச்சுட்டு வர்றாருங்க. இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்.

ஐயோ.

அக்கா, அது போல்ட்டு இல்ல.

இங்க பாருங்க, இந்த நடுக்கம். இது அவரு அடக்கறாரு. இந்த உந்தல், இதுல அடக்க முடியல. அப்புறம் கம்முனு இருக்கே, அது மூச்சு வாங்கறாரு. நான் இத்தனை நேரமா அவரு வாந்தி எடுக்கறதை லேப்டாப்ல பாத்துட்டு போல்ட்டு போல்ட்டுன்னு உங்ககிட்டப் பீத்திட்டு வந்திருக்கேன். அடிவாரத்துலருந்து. ஒரு வார்த்தை சொல்லலீங்களே. திரும்பிக் கூடப் பாக்கலீங்களே மனுஷன். பாத்தா எனக்குத் தெரிஞ்சுரும்னு.

கோடு சாயவே இல்ல, பாத்தீங்களா. தலை ஜன்னலுக்கு வெளிய இருக்கு, கை ரெண்டும் உள்ள போனைப் புடிச்சிருக்கு. அந்த நெலமையிலயும் நிமுத்திப் புடிச்சிருக்காரு. என்னவோ நான் அதுக்குள்ள இருக்கற மாதிரி.

எனக்கு வெக்கமா இருக்குங்கக்கா. அழுகையும் வருது, சிரிப்பும் வருது, எது மொதல்லன்னு தெரியல. இவர எனக்கு இவ்வளவு புடிக்கும்னு எனக்கே தெரியாதுங்க. நெசமாத் தெரியாது. மூணு மாசமா ராத்திரி இவரு கூடப் பேசிட்டுப் போனை வெக்கறதுக்கு ஒவ்வொரு நாளும் நேரம் ஆயிரும், அது என்னமோ பேச்சு சுவாரசியம்னு நினைச்சுட்டிருந்தேன்.

கண்டக்டரண்ணா. அண்ணா, இங்க. பஸ்ஸ நிறுத்தச் சொல்லுங்க. வளைவு தாண்டி ஒரு ஓரமா நிறுத்துனாப் போதும், அவருக்கு முடியல. அங்க முன் சீட்டுல. ஆமா, என்ற வீட்டுக்காரரு. ஆமாங்க, நான் இங்கதான் உக்காந்திருந்தேன், அதை அப்புறம் கேளுங்க. விசிலடிங்க மொதல்ல.

தெரியுங்கக்கா, இதை மூடிட்டு நான் எந்திரிச்சுப் போனாக் கோடு அறுந்துரும். குன்னூர் இன்னும் கொஞ்சந்தான், அதுவும் தெரியும். திங்கக்கெழமைக்கு ஒண்ணும் இருக்காது. ஹைதராபாத்துக்காரங்க எடுத்துக்கட்டும், நல்லாப் பாத்துக்குவாங்க. இல்ல, நல்லாப் பாத்துக்க மாட்டாங்க, எனக்கு வயிறு எரியத்தான் செய்யுது. எரியட்டும். லேப்டாப்ப மூடுங்க. இல்ல, அந்தப் பக்கம் மடக்குங்க, ஆங்.

பை குடுங்க. தண்ணி பாட்டில் உங்களுதா, எடுத்துக்கட்டுமா?

திரும்பிப் பாக்கறாரு. அக்கா, பாருங்க, மூஞ்சி எப்படி வெளுத்துக் கெடக்கு. கையில போனைத் தூக்கிக் காட்டறாரு. என்னமோ கேக்கறாரு, இந்த இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. என்னங்க? ஆடிருச்சான்னா? ஆடிருச்சான்னு கேக்கறாருக்கா.

ஏனுங்க, அதைக் கீழ போடுங்க. போனைத்தானுங்க. பரவால்ல, ஒடையட்டும். நான்தான் சொல்றேன், மேகலாதான் சொல்றேன், ரெண்டு கையையும் விடுங்க, கீழ போடுங்க. சித்தெ காலை மடக்கிக்கங்கக்கா, நான் அவருகிட்டப் போகணும்.